ஃபிராங்கன்ஸ்டைன் நாவலும் நம் பெண்மக்களின் பங்கும்



கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களில் பெருகி வருகின்றனர். அல்ஹம்துலில்லாஹ். அவர்கள் கையில் அடிக்கடி காணப்படும் நூல்களுள் ஒன்று மேரி ஷெல்லி எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்'. தையல் போட்ட முகத்துடன் ஒரு கோர உருவம் அதன் அட்டையில் நிற்கும். அதைக் கண்ட பெற்றோர் சிலர், மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நம்மிடம் வந்து, "ஹஸ்ரத், இந்தப் பேய்க்கதையைப் பிள்ளை படிக்கலாமா? மனிதன் உயிரைப் படைத்தான் என்று எழுதியிருக்கிறார்களாமே, ஈமானுக்குக் கேடில்லையா?" என்று கேட்கின்றனர்.

பிள்ளையின் ஈமானைப் பற்றிக் கவலைப்படுவது பெற்றோரின் கடமை. அதில் குறை காண முடியாது. ஆனால் அந்த நூலை முதலிலிருந்து முடிவுவரை படித்த பின் நாம் சொல்வது இதுதான்: அட்டையில் நிற்கும் பூதத்தால் நம் பிள்ளைகளுக்கு எந்தக் கேடும் வராது. கேடு உள்ளே வேறொரு பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் குறித்து எந்தத் தந்தையும் இதுவரை நம்மிடம் கேட்டதில்லை.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஜெனீவாவைச் சேர்ந்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன், இறந்தவர்களின் உடற்பகுதிகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்கிறான். அது கண் திறந்த கணத்திலேயே அதன் அழகின்மையைக் கண்டு அருவருத்து ஓடிவிடுகிறான். பெயர்கூட இடப்படாத அந்த உயிர் காட்டில் அலைந்து, ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டி ஒளிந்திருந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டே மொழி கற்கிறது. அன்பு தேடிச் சென்ற இடமெல்லாம் அடித்து விரட்டப்படுகிறது. இறுதியில் தன்னை உருவாக்கியவனின் தம்பியையும், நண்பனையும், மணநாள் இரவில் அவன் மனைவியையும் கொல்கிறது. செய்யாத கொலைக்காக ஜஸ்டின் என்ற பணிப்பெண் தூக்கிலிடப்படுகிறாள்.

மனிதன் படைப்பாளன் ஆகலாம் என்று இந்நாவல் போதிக்கிறதா? இல்லை. அப்படி முயன்றவனுக்கு நேர்ந்த அழிவையே முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை சொல்கிறது. 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், உலகைப் படைத்தவனின் செயலை மனிதன் போலி செய்யத் துணிவது எத்துணை அச்சத்துக்குரியது என்று ஆசிரியையே குறிப்பிடுகிறார். எல்லோரும் ஒன்றுதிரண்டாலும் ஓர் ஈயைக்கூடப் படைக்க இயலாது என்பதைத் திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் 73ஆம் வசனத்தில் ஓதிய பிள்ளை, இந்த நாவலால் தடுமாறப் போவதில்லை. பேய்க்கதை என்று நூலைப் பிடுங்கி வைப்பதால் பிள்ளைக்குப் பாட மதிப்பெண் குறையுமேயன்றி ஈமான் கூடப் போவதில்லை.

இனி நாம் சொல்ல வந்த பக்கத்துக்கு வருவோம்.

நாவலின் நடுப்பகுதியில் ஒரு துருக்கிய வணிகரும் அவர் மகளும் வருகின்றனர். மகளின் பெயர் ஸஃபீ. நம் செவிக்கு ஸஃபிய்யா என்றே கேட்கும். பாரிஸ் நகரில் அந்த வணிகருக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. அவர்மீது சுமத்தப்பட்ட குற்றத்தைவிட அவருடைய மார்க்கமும் செல்வமுமே அத்தண்டனைக்குக் காரணம் என்று நகரமே எண்ணியதாக மேரி ஷெல்லி எழுதுகிறார். ஒரு முஸ்லிமுக்கு ஐரோப்பிய நீதிமன்றம் இழைத்த அநீதியை ஓர் ஆங்கிலப் பெண் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்துவிட வேண்டாம் என்பது நம் இறைவனின் கட்டளை (5:8). ஆகவே அவருக்குரிய பாராட்டை நாம் முதலில் கொடுத்துவிடுகிறோம்.

அடுத்து நடப்பது என்ன? ஃபெலிக்ஸ் என்ற பிரெஞ்சு இளைஞன் அந்த வணிகரைச் சிறையிலிருந்து தப்புவிக்கிறான். அதனால் அவனும் அவன் தந்தையும் தங்கையும் சிறைப்பட்டு, சொத்திழந்து, நாடு கடத்தப்படுகின்றனர். மகளை மணமுடித்துத் தருவதாக ஆசை காட்டிய வணிகரோ வாக்கை மீறி, நன்றி கொன்று போய்விடுகிறார். கதை முழுவதிலும் வரும் ஒரே முஸ்லிம் ஆண் அவர்தான்.

ஸஃபீயின் தாய் ஒரு கிறித்தவ அரபுப் பெண் என்றும், துருக்கியரால் அடிமையாக்கப்பட்டவர் என்றும் நாவல் கூறுகிறது. அந்தத் தாய் மகளுக்குத் தம் சமயத்தைப் போதித்து, அறிவாலும் தன்னுரிமை உணர்வாலும் உயர விரும்பும்படி கற்பித்தாராம். முஹம்மத் (ஸல்) அவர்களைப் பின்பற்றும் பெண்களுக்கு அவை இரண்டும் தடுக்கப்பட்டவையாம்! எனவே கிறித்தவன் ஒருவனை மணந்து, பெண்ணுக்குச் சமூகத்தில் இடமுள்ள நாட்டில் வாழ்வதே அவளுக்கு இனிய கனவாகத் தோன்றியதாம்.

நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கும் பக்கம் இதுதான். பூதத்தைக் கண்டு பயந்த நாம் இதைக் கண்டு துணுக்குறவில்லை. "கதைதானே, இதற்கெல்லாம் கோபிப்பதா?" என்று நம்மவரிலேயே படித்தவர் சிலர் கேட்கக்கூடும். கோபம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறோம். கணக்குப் பார்ப்போம்.

இந்நாவல் 1818 சனவரி முதல் நாளில் இலண்டனில் 500 படிகளாக அச்சேறியது. அதில் ஆசிரியையின் பெயர் இல்லை. பெண்ணுக்குச் சமூகத்தில் இடமுண்டு என்று நாவல் புகழும் அதே ஐரோப்பாவில், பத்தொன்பது வயதில் இந்நாவலை எழுதி முடித்த ஒரு பெண், முதற்பதிப்பில் தம் பெயரைப் போடாமலேயே அதை வெளியிட்டார்.

அன்றைய இங்கிலாந்தின் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனியான சட்ட ஆளுமையே கிடையாது. அவளது ரொக்கமும் நகையும் உழைத்த கூலியும் கணவனின் உடைமை. செல்வக் குடும்பங்கள் அறக்கட்டளை ஏற்பாடு செய்து மகளின் சொத்தை ஓரளவு காத்துக்கொண்டன. எளியோருக்கு அந்த வழியும் இல்லை. மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் 1870இல் அரைகுறையாகவும் 1882இல் விரிவாகவும் வந்தது. நாவல் வெளியாகி 64 ஆண்டுகள் கழிந்த பின்னரே ஆங்கில மனைவி தன் சொத்துக்குத் தானே உரிமையாளர் ஆனாள். ஸஃபீ கனவு கண்ட பிரான்ஸில் 1804ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டத்தொகுப்பு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்று எழுதி வைத்தது. கணவனின் இசைவின்றி மனைவி வேலைக்குச் செல்லும் உரிமை அங்கே 1965இல்தான் முழுமையாகக் கிடைத்தது. விக்டரின் நாடான ஸ்விட்சர்லாந்தின் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1971 வரை காத்திருந்தனர்.

நாவலிலேயே ஒரு சான்று இருக்கிறது. தந்தையை விட்டு ஃபெலிக்ஸைத் தேடிப் புறப்படும்போது ஸஃபீ தனக்குச் சொந்தமான சில நகைகளையும் ஒரு தொகைப் பணத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். 'தனக்குச் சொந்தமான' என்பதை நன்றாகக் கவனியுங்கள். எந்த உரிமையும் அற்றவள் என்று சித்திரிக்கப்படும் முஸ்லிம் வணிகரின் மகளுக்குச் சொந்த நகை இருக்கிறது! அவள் இங்கிலாந்துக்குச் சென்று ஓர் ஆங்கிலேயனை மணந்திருந்தால், மணநாளிலிருந்து அந்த நகை அவனது ஆளுகைக்குப் போயிருக்கும். தன் பேனா என்ன எழுதுகிறது என்பதை ஆசிரியையே கவனிக்கவில்லை.

இந்தப் பொய் அவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய தாயார் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண்ணுரிமைக்காக 1792இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், பெண்ணைத் தாழ்ந்த பிறவியாக நடத்துவதை இஸ்லாமியப் பாணி என்றே குறிக்கிறார். பெண்ணுக்கு ஆன்மா இல்லை என்பது நம் கொள்கை என்ற தோரணையில் அவர் பேசுகிறார். ஆங்கில ஆண்களை வெட்கப்பட வைப்பதே அவர் நோக்கம். அந்த நோக்கம் நல்லது. ஆனால் அதற்காக அவர் கையிலெடுத்த கோல் பொய்யானது. நம்பிக்கை கொண்ட ஆண்களையும் பெண்களையும் பெயர் சொல்லிச் சொல்லி இணையாக நிறுத்தி, இருபாலாருக்கும் மன்னிப்பையும் மகத்தான கூலியையும் வாக்களிக்கும் 33:35 வசனம் அவர் கண்ணில் படவே இல்லை.

அக்காலத்தில் இஸ்லாத்தைப் பற்றிய உண்மை ஐரோப்பாவுக்கு எட்டவில்லை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. ஆங்கிலத் தூதரின் மனைவியாக 1717இல் துருக்கியில் வாழ்ந்த லேடி மேரி வோர்ட்லி மாண்டேகுவின் கடிதங்கள் 1763இல் நூலாக வெளிவந்தன. முஸ்லிம்கள் பெண்ணுக்குச் சுவனத்தில் இடமில்லை என்கின்றனர் என்ற பேச்சு பொய் என்றும், அங்கே செல்வக் குடும்பத்து மனைவியரின் பணம் அவர்கள் கையிலேயே இருக்கிறது என்றும் அவர் எழுதியிருந்தார். 'ஃபிராங்கன்ஸ்டைன்' அச்சேறுவதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலத்திலேயே அந்த மறுப்பு அச்சாகியிருந்தது.

துருக்கியரிடம் அடிமை முறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. இருந்தது. அரண்மனை அந்தப்புரங்களும் இருந்தன. ஆனால் மன்னர்களின் வழக்கத்தை மார்க்கத்தின் சட்டமாகக் காட்டுவது நேர்மையன்று. மேரி ஷெல்லியின் நாடும் 1834 வரை தன் குடியேற்றங்களில் அடிமை முறையைச் சட்டபூர்வமாக வைத்திருந்தது. அதை வைத்துக் கிறித்தவம் பெண்ணுக்கு அறிவைத் தடுக்கிறது என்று நாம் எழுதினால் அவர்கள் ஏற்பார்களா? அறிவைப் பற்றிக் கேட்டால் நம்மிடம் பெயர்கள் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்களிடம் நபித்தோழர்களே சென்று மார்க்க விளக்கம் கேட்டனர். ஹிஜ்ரி 463இல் மறைந்த கரீமா அல்மர்வஸிய்யா அம்மையார் மக்காவில் ஸஹீஹுல் புகாரியை ஓதிக்கொடுத்தார். பக்தாதின் பேரறிஞர் கதீப் அல்பக்தாதி அவரிடம் அமர்ந்து பயின்றார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கியது 1920இல்.

உரிமையைப் பற்றிக் கேட்டால் ஒரு நிகழ்ச்சி போதும். உஹதுப் போரில் ஷஹீதான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் தந்தையின் உடன்பிறந்தவர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார், பொருளில்லாமல் இவர்களை எப்படி மணமுடிப்பேன் என்று முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, மூன்றில் இரண்டு பங்கை இரு பெண்மக்களுக்கும் எட்டில் ஒரு பங்கை அவர்களின் தாய்க்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளும்படி தீர்ப்பளித்தார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் இது பதிவாகியுள்ளது. ஆங்கிலேயரின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஏறத்தாழ 1,250 ஆண்டுகள் முந்திய தீர்ப்பு இது.

இதுவரை படித்தவர்கள் மகிழ்ந்திருப்பீர்கள். மேரி ஷெல்லிக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டது என்று இந்தக் கட்டுரையைப் பகிரவும் நினைப்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

நாம் இங்கே எடுத்துக்காட்டியவை அனைத்தும் கிதாபில் உள்ளவை. மேரி ஷெல்லி இன்று நம் ஊருக்கு வந்து, "உங்கள் கிதாபு இருக்கட்டும், உங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டால் என்ன காட்டுவோம்? தந்தை மௌத்தாகிச் சில மாதங்களில் சகோதரிகளை வரிசையாக நிறுத்தி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் காட்சியையா? "கல்யாணத்துக்குத்தான் நகை போட்டாயிற்றே", "சீர் செய்தோமே", "பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே" என்று அவர்களிடம் பேசப்படும் பேச்சுகளையா? வெள்ளிமேடையில் இஸ்லாம் பெண்ணுக்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே சொத்துரிமை தந்தது என்று முழங்கக் கேட்டுத் தலையாட்டிய அதே மனிதர், வீட்டுக்கு வந்ததும் தங்கையின் பெயரைப் பட்டாவிலிருந்து நீக்க ஆள் தேடுகிறார்.

எல்லோரும் இப்படி அல்லர். பாகப்பிரிவினைக்கு ஆலிமை அழைத்து, கடைசிக் காசு வரை எண்ணிக் கொடுத்த குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. நாம் பேசுவது மற்றவர்களைப் பற்றி.

அவர்கள் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திருமணத்தின்போது மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. தந்தை உயிரோடு இருக்கையில் தம் கையால் கொடுத்தது அது. வாரிசுரிமையோ அவர் மறைந்த பின் அல்லாஹ் பங்கிட்டுக் கொடுப்பது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க எவருக்கும் அதிகாரமில்லை. காயல்பட்டினம் போன்ற ஊர்களிலும் இலங்கையின் கிழக்குப் பகுதியிலும் மகளுக்கு வீட்டையே கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் உண்டு. அந்த வீடும் கொடை என்ற கணக்கில்தான் சேரும். மகன் படிப்புக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் செலவழித்ததை யாராவது அவன் பங்கில் கழிக்கிறார்களா?

"அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்" என்பது அடுத்த சாக்கு. மனமுவந்து விட்டுக்கொடுக்க மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் தன் பங்கு எவ்வளவு என்றே சொல்லப்படாத ஒருத்தி எதை விட்டுக்கொடுக்க முடியும்? கூடத்தில் உறவினர் அனைவரும் கூடியிருக்க, மூத்த அண்ணன் முகத்தைப் பார்த்து அவள் தலையசைப்பது சம்மதமா, வெட்கமா, பயமா? பங்கைப் பிரித்து, அவள் பெயருக்கு மாற்றி, கையில் கொடுத்துவிடுங்கள். அதன் பின்னும் அவள் தானாக முன்வந்து உங்களுக்குத் தந்தால் அது ஹலால். அப்படிக் கொடுத்துப் பார்க்கத் துணியாதவர், அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாள் என்று சொல்லும் தகுதியை இழந்துவிட்டார்.

கணக்கும் ஒன்றும் கடினமானதன்று. ஒருவர் மனைவி, ஒரு மகன், இரு மகள்களை விட்டு இறக்கிறார். ஜனாஸாச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக 32 இலட்சம் ரூபாய் மிஞ்சுகிறது என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 4 இலட்சம். மீதி 28 இலட்சத்தில் மகனுக்கு 14 இலட்சம், மகள்களுக்குத் தலா 7 இலட்சம். அந்த 7 இலட்சத்தைச் சகோதரன் தன் வீட்டில் வைத்துக்கொண்டு உண்டால், தங்கையின் பொருளை உண்கிறான். பங்குகளைச் சொல்லி முடித்ததும் இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்றும், மீறுவோருக்கு இழிவு தரும் வேதனை உண்டு என்றும் எச்சரிக்கிறது திருக்குர்ஆன் (4:13, 14). தொழுகையைப் பற்றிய எச்சரிக்கைக்கு நடுங்கும் நாம் இதற்கு நடுங்க வேண்டாமா?

நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் எதற்காக வந்தது? பெண்ணுக்குப் பங்கில்லை என்று சொன்ன ஊர் வழக்கங்களை நீக்கி, அவ்விடத்தில் ஷரீஅத்தை நிறுத்துவது அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. அன்று முஸ்லிம் பெண்களின் அமைப்புகளே அந்த வழக்கங்களைக் கண்டித்தன. அந்தச் சட்டத்துக்கு ஆபத்து என்றால் இன்று வீதிக்கு வருகிறோம். வரத்தான் வேண்டும். ஆனால் சட்டம் ஒழித்த வழக்கத்தை வீட்டுக்குள் உயிரோடு வைத்துக்கொண்டு அதே சட்டத்துக்காக வீதிக்கு வருவதை என்னவென்று சொல்வது?

நாவலுக்குத் திரும்புவோம். அதில் நம்மை உண்மையில் கலங்க வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பூதம் தன்னை உருவாக்கியவனிடம் முதலில் உயிர்ப்பலி கேட்கவில்லை. நீ எனக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய் என்றே கேட்கிறது. நம் மொழியில் சொன்னால் தன் ஹக்கைக் கேட்கிறது. ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழியை ஓதியவர்களுக்கு விக்டரின் குற்றம் எதுவென்று எளிதில் விளங்கும். பொறுப்பில் இருந்த ஓர் உயிரின் ஹக்கைத் தராமல் ஓடிய குற்றம் அது.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சுட்டிக்காட்டுங்கள். ஸஃபீ எழுதிய கடிதங்களைப் பூதம் படியெடுத்து வைத்திருப்பதாகவும், தன் கதை உண்மை என்பதற்குச் சான்றாக அவற்றை விக்டரிடம் கொடுப்பதாகவும் நாவலில் வருகிறது. ஆனால் அக்கடிதங்களில் ஒரு வரிகூட வாசகருக்குக் காட்டப்படுவதில்லை. அவளைப் பற்றிப் பூதம் பேசுகிறது, விக்டர் அதைத் திருப்பிச் சொல்கிறான், வால்டன் என்ற மாலுமி எழுதிக்கொள்கிறான். மூன்று பேர் வாய்வழியாக அவள் கதை வருகிறது. அவள் தன் சொற்களில் என்ன எழுதினாள் என்பது வாசகருக்குத் தெரியாது. பாகப்பிரிவினைப் பேச்சில் நம் பெண்களுக்கு நேர்வதும் இதுவே. அவர்களுக்காக அண்ணன் பேசுகிறார், மாமா பேசுகிறார், மச்சான் பேசுகிறார். அவர்கள் கையெழுத்து மட்டும் கேட்கப்படுகிறது.

ஆகவே பெற்றோரே, நூலைப் பிடுங்க வேண்டாம். பிள்ளையோடு சேர்ந்து அமருங்கள். ஸஃபீ வரும் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள். அது பொய் என்பதற்கு 4:7 வசனத்தையும் ஸஃது (ரலி) அவர்களின் பெண்மக்களின் வரலாற்றையும் எடுத்துச் சொல்லுங்கள். அப்போது உங்கள் மகள், "அத்தா, அப்படியானால் குப்பியின் பங்கு எங்கே?" என்று கேட்டாள் என்றால், அந்தக் கேள்விக்குக் கூச்சமின்றிப் பதில் சொல்லும் நிலையில் உங்கள் வீட்டுக் கணக்கு இருக்கட்டும். இல்லையென்றால் இந்த மாதமே ஓர் ஆலிமையும் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துப் பங்கைப் பிரியுங்கள். எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் அந்தக் கடன் தீராது.

பிறர் நம்மீது சொல்லும் பொய்யை வாயால் மறுக்கவும் வாழ்வால் மறுக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.